நாயைச் சேர்க்காமல் எட்டு

ஃபர்ராஷ்பந்த், குளிர்கால மேய்ச்சல் நிலம்
ஆபான் மாதம் 5

அன்ஸலித் துறைமுகத்தில் இருக்கும் அண்ணன் குர்பானுக்குத் தம்பி அயாஸின் ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணியின் முழங்கால் எப்படி? இங்கே ஆடுகள் நலம், ஆட்கள் நலம், நாய்க்கு மட்டும் காதில் சீழ்.

வருஷத்தை மேலே போடட்டுமா என்று எழுதுகிறவள் கேட்கிறாள். அவள் சொல்லும் எண் எனக்கு எதற்கு? நீ இப்படி வைத்துக்கொள். கணவாயில் தர்பூசணி லாரி கவிழ்ந்து மலை முழுக்கப் பழம் உருண்ட வருஷம். மின்சாரக் கம்பி நம் கூடாரங்களுக்கு மேலாகவே போய், நம்மைத் தொடாமல் பட்டணத்துக்குப் போன வருஷம். முல்லா ஸஃபருக்குப் பல்செட் வந்து, ஓதும்போதெல்லாம் விசில் அடிக்கிற வருஷம். நீ அப்பா சாவுக்கு வந்து போனபோது பிறந்த குதிரைக்குட்டி கிழடாகிச் செத்தும் போய்விட்டது. அன்றிலிருந்து உனக்கு நான் கடிதம் போடவில்லை. போட ஆள் இல்லை. இப்போது இருக்கிறாள்.

நம் கறுப்புக் கூடாரங்களுக்கு நடுவே அரசாங்கம் ஒரு வெள்ளைக் கூடாரம் போட்டிருக்கிறது. தூபா என்ற பெண் வந்திருக்கிறாள், நம் இனத்துப் பெண்தான். முதல் வகுப்பு நடத்துகிறாள். என் மகன் ஸோராபின் மகள் மரால் போகிறாள். தூபா கூடாரக் கம்பத்தில் ஒரு காகிதம் குத்தி வைத்திருக்கிறாள். "என்னம்மா இது" என்றேன். "இந்த வாரம் பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க, அடுத்த வாரம் என்ன படிப்பாங்கன்னு எழுதியிருக்கேன்" என்றாள்.

அண்ணே, நான் அந்தக் காகிதத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அடுத்த வாரம் புல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மழை வருமா என்று முல்லாவுக்கே தெரியாது. மரால் தலைக்குள் அடுத்த வாரம் என்ன இருக்கும் என்பது அந்தக் காகிதத்துக்குத் தெரிகிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். ஆடுகளுக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பதில் போடு. ரொட்டி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி அயாஸ், தூபாவின் கையால்.

*

அன்ஸலி
ஆபான் 24

தம்பி அயாஸுக்கு ஸலாம். உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. நாங்கள் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் அப்படியேதான், இங்கே மழை நிற்பதில்லை. இந்த வருஷம் வெள்ளை மீன் நன்றாகப் படுகிறது.

நான் எழுதப் படித்தது பட்டாளத்தில், இருபது வயதுக்கு மேல். மரக் கொட்டகையில், என்னைப் போன்ற தடியன்கள் நாற்பது பேர். உன் பேத்தி ஏழு வயதில் தொடங்கிவிட்டாள், கொடுத்து வைத்தவள். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று வாராவாரம் எழுது. கிழவனுக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது.

அண்ணன் குர்பான்.

*

ஃபர்ராஷ்பந்த்
ஆசர் 8

அண்ணன் குர்பானுக்கு ஸலாம். நீயும் அண்ணியும் மழையில் நனையாமல் இருக்க அல்லாஹ் அருளட்டும். இங்கே சுகம் பாதி.

காகிதத்தைக் கேட்டாய். இந்த வாரம் பிள்ளைகள் எண்ணப் படிக்கிறார்கள். கூழாங்கற்களை வரிசையாக வைத்து விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் கூடாரத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்ல வேண்டுமாம். தூபா அதை நோட்டில் எழுதுவாளாம்.

கேட்டதும் மராலைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவள் பள்ளிக்குப் போவதில்லை.

நம்மவர்கள் எதையும் வாய்விட்டு எண்ணுவதில்லை, உனக்குத் தெரியாதா? கண் பட்டுவிடும். மந்தை மாலையில் திரும்பும்போது நான் ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த முகம் இல்லை என்று தெரிந்துவிடும். எண் எதற்கு? நோட்டோடு வருகிறவனுக்குத்தான் எண் வேண்டும்.

இந்த இடத்தில் தூபா பேனாவை நிறுத்திவிட்டாள். "என்னைத் திட்டறதையும் நானே எழுதணுமா பெரியவரே?"

"எழுதும்மா. கை உன்னோடது, வாய் என்னோடது."

"நான் கேட்டது பிள்ளைங்க வீட்டுக் கணக்கு. உங்க ஆளைப் பிடிச்சிட்டுப் போக வரல."

"அவனும் அப்படித்தான் சிரிச்சுக்கிட்டே கேட்டான்" என்றேன். யார் என்று அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் அண்ணே. நான் செய்தது சரிதானே? ஒரு வார்த்தை எழுது.

அயாஸ்.

*

அன்ஸலி
தேய் 3

தம்பி அயாஸுக்கு ஸலாம். அனைவர் நலமும் வேண்டுகிறேன். நாய்க்குக் காது ஆறியதா? வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுப் பார்.

இங்கே காயலில் வாத்துகள் இறங்கிவிட்டன. மகள் ஃபக்ரி ஒரு கூடை மீன் புகை போட்டாள். குளிர் அதிகம், எனக்குக் கொஞ்சம் இருமல்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு.

குர்பான்.

*

ஃபர்ராஷ்பந்த்
தேய் 16

அண்ணன் குர்பானுக்கு ஸலாம். இருமலுக்கு மலையில் பறித்த தைம் இலை அனுப்புகிறேன், வெந்நீரில் போட்டுக் குடி.

வாத்தும் மீனும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது வாத்து இல்லை. அப்பா சாவுக்கு வந்து ஒரு வாரம் நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், அப்போதும் வாய் திறக்கவில்லை. சரி, நானே சொல்கிறேன். தூபா எழுதட்டும். அவளுக்கும் தெரியட்டும், நான் ஏன் அவள் கூடாரத்தைக் கண்டு பயப்படுகிறேன் என்று.

கறுப்புக் கூடாரங்களை வெட்டிப் போடச் சொல்லி ஷாவின் உத்தரவு வந்த வருஷம் அது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க நோட்டோடு வந்தார்கள். அம்மா உன்னைப் படுக்கைக் கம்பளியில் சுருட்டி ஓரமாகப் போட்டு, மேலே நம் தம்பி ஜஹானின் தொட்டிலை வைத்தாள். அவன் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. தொட்டிலில் நீல மணி கட்டியிருந்தது, ஒரு மணி உடைந்த மணி. நீ மூச்சு விடும்போதெல்லாம் அது ஆடியது.

சிப்பாய் ஒரு பழுப்புக் குதிரையில் வந்தான், அதற்கு முன்னங்கால் ஒன்று வெள்ளை. அப்பாவிடம் கேட்டான், அப்பா ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து சிரித்தான். "டேய் குட்டிப் பயலே, உங்க கூடாரத்துல எத்தனை பேருடா?"

ஊசி விற்க வரும் வியாபாரி எனக்கு விரல்விட்டு எண்ணச் சொல்லித் தந்திருந்தான். முகாமிலேயே எண்ணத் தெரிந்த சிறுவன் நான் ஒருவன்தான். ஒரு கையை முழுதாக விரித்தேன், மறு கையில் மூன்று விரல். "எட்டு" என்றேன்.

அம்மா என் தலையைப் பிடித்துத் தன் பாவாடைக்குள் அழுத்திக்கொண்டாள். பாவாடையில் மோர் வாசனை. வெளியே சத்தம் கேட்டது. என் தலையை அவள் விட்டபோது நீ சிப்பாயின் குதிரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். அப்படியே போய்விட்டாய்.

அந்த எண்ணை அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வாயால் சொல்கிறேன். வேறு எண்களையும் கூடிய மட்டும் சொல்வதில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது இன்னொரு சங்கதி. எஸ்ஃபந்தில் பள்ளி அதிகாரி வருகிறாராம். ஏழு பிள்ளைகளாவது இல்லையென்றால் வெள்ளைக் கூடாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். மராலோடு சேர்த்தால்தான் ஏழு என்கிறாள் தூபா. மரால் என்னோடு பேசுவதில்லை. மற்ற பிள்ளைகளின் தாய்மார்கள் என் பக்கம் பார்த்து ரொட்டியைத் தட்டுகிறார்கள், மாவுக்கு வலிக்கிற மாதிரி.

அண்ணே, என்மேல் கோபமா? அதை மட்டும் எழுது. கோபம் என்றால் கோபம் என்று எழுது.

அயாஸ்.

*

ஃபர்ராஷ்பந்த்
பஹ்மன் 9

அண்ணன் குர்பானுக்கு ஸலாம். நலமாக இருக்கிறாயா? பதில் இல்லை. லாரி டிரைவர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறான்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மரால் வெள்ளைக் கூடாரத்துக்குப் பின்புறம் துணியோடு காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கூழாங்கல். உள்ளே பிள்ளைகள் சொல்லச் சொல்ல இவள் வெளியே கல்லை நகர்த்துகிறாள். நான் பின்னால் நின்றது தெரியாது. கற்கள் தீர்ந்துவிட்டன, இவள் நிறுத்தவில்லை. ஆட்டுப் புழுக்கையை எடுத்து வைத்துத் தொடர்ந்தாள். அதுவும் தீர்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லாமல், வெறும் காற்றில் விரலை வைத்துப் போய்க்கொண்டே இருந்தாள். அவள் தொட்ட இடத்தில் ஒன்றும் இல்லை அண்ணே, ஆனால் அவளுக்கு அங்கே ஒவ்வொன்றும் இருந்தது.

கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு வார்த்தை எழுது.

அயாஸ்.

*

அன்ஸலி
பஹ்மன் 22

மதிப்பிற்குரிய சித்தப்பா அயாஸ் அவர்களுக்கு, குர்பானின் மகள் ஃபக்ரியின் ஸலாம். நீங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன். தைம் இலை வந்தது, நன்றி.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. டாக்டர் வந்து பார்க்கிறார். உங்கள் கடைசிக் கடிதங்கள் இரண்டும் தலையணைக்குக் கீழேதான் இருக்கின்றன. தினமும் எழுத உட்காருகிறார், கிழித்துவிடுகிறார். "நான் எழுதித் தரட்டுமாப்பா" என்றேன். "இது உன் கையால எழுதற கடிதம் இல்லம்மா" என்றார்.

நேற்று உங்கள் கடிதத்தை மறுபடி படித்துவிட்டுச் சிரித்தார். "குதிரைக்கு எந்தக் கால் வெள்ளைன்னு இவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா முக்கியமான நேரத்துல பய முகம் பாவாடைக்குள்ள இருந்திருக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுங்கள்.

அன்புடன் ஃபக்ரி.

*

அன்ஸலி
எஸ்ஃபந்த் 3

தம்பி அயாஸுக்கு ஸலாம். என் உடம்பைப் பற்றி ஃபக்ரி எழுதியிருப்பாள். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

நீ எட்டு என்று சொன்னாய். அது வரை நீ எழுதியது அத்தனையும் சரி. உடைந்த மணி கூடச் சரி. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன். கம்பளிச் சுருளின் ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப்பாய் கூடாரத்துக்குள் கண்ணை ஓட்டினான். ஏழு பேர். வாசலில் நம் நாய் படுத்திருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பய நாயையும் சேத்து எண்ணிட்டான்டா" என்றான். நோட்டில் ஏழு என்று எழுதிக்கொண்டு மூடினான். அங்கவடியில் ஒரு காலை வைத்துவிட்டான். அவன் போய்க்கொண்டிருந்தான், அயாஸ்.

நான்தான் வெளியே வந்தேன். தொட்டிலை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, நானாக எழுந்து வந்தேன்.

அதே ஊசி வியாபாரி உனக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தான், எனக்கு வேறொன்றைச் சொல்லியிருந்தான். வடக்கே ஒரு தண்ணீர் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் கரையே தெரியாது என்றான். எனக்குப் பத்தொன்பது வயது. அதே கணவாயில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் செத்துப்போவேன் என்று பயம். சிப்பாயின் குதிரை வடக்கே பார்த்து நின்றிருந்தது. இதைவிட நல்ல காரணம் ஏதும் என்னிடம் இல்லை. அறுபது வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

நான் எழுந்து நின்றபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. உன் தலையைத்தான் குனிந்து பார்த்தாள். நீ சொன்னதால்தான் நான் பயந்து வெளியே வந்தேன் என்று அவள் நினைத்துவிட்டாள். எனக்கு அது தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பெற்றவர்களை விட்டு ஆசைப்பட்டு ஓடியவன் ஆவேன். சொல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன். இரண்டாவது சுலபமாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் அதை வைத்துவிட்டுப் போனேன். அப்பா சாவுக்கு வந்தபோது சொல்லத்தான் வந்தேன். நீ எனக்குத் தேநீர் கொடுக்கும்போது உன் கை நடுங்கியது. அதைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொண்டது.

தண்ணீரைப் பார்த்தேன். வியாபாரி பொய் சொல்லவில்லை, அக்கரை தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன், நீ காகிதத்தைப் பார்க்கிற மாதிரி.

உன் எண்ணிக்கை சரி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு.

குர்பான்.

*

ஃபர்ராஷ்பந்த்
எஸ்ஃபந்த் 14

அண்ணன் குர்பானுக்கு ஸலாம். உன் நெஞ்சுச்சளி இறங்கிவிட்டதா?

உன் கடிதத்தைத் தூபா படித்தாள். பாதியில் காகிதத்தைத் தாழ்த்தினாள், "படிம்மா" என்றேன். முடித்ததும் எழுந்து மந்தைக்குப் போய்விட்டேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். முதல் நாள் உன்மேல் கோபம். கல்லைத் தூக்கி எறிந்தேன், ஆட்டின் மேல் பட்டது, ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் நாள் அம்மாவை நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் மந்தை இறங்கி வந்துகொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டைத் தாண்டினேன். பத்துவரை போனேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எந்த ஆடும் செத்து விழவில்லை. வானம் அப்படியே இருந்தது. அண்ணே, எட்டு என்பது எவ்வளவு சின்ன எண்.

கூடாரத்துக்கு வந்து மராலின் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். வழியில் கேட்டாள்: "தாத்தா, நெசமாவா? மறுபடியும் பாதியில கூட்டிட்டு வந்துர மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நட."

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். முகாமே வெள்ளைக் கூடாரத்தைச் சுற்றி நின்றது. ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மராலை எழுப்பினார். அவர் சிரித்துக்கொண்டே, அதே சிரிப்புத்தான் அண்ணே, கேட்டார்: "உங்க கூடாரத்துல எத்தனை பேரு பாப்பா?"

மரால் நிமிர்ந்து நின்றாள். "நாயைச் சேத்தா, சேக்காமயா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். உன் கடிதத்தைத் தூபா படித்தபோது இந்தப் பெண் எங்கே காதை வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. "சேக்காம சொல்லு" என்றார். "ஆறு. சேத்தா ஏழு. வயித்துல இருக்கற பாப்பா வந்தா எட்டு" என்றாள். மருமகள் வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். எனக்கே அந்தச் செய்தி அப்போதுதான் தெரியும்.

வராத ஒருவரைக் கூட எண்ண முடிகிறது. இதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கூடாரம் இங்கேயே இருக்கும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

நீ வா. ஃபர்வர்தீன் கடைசியில் வடக்கே கிளம்புவோம். அதற்கு முன்னால் வா. கை நடுங்காமல் தேநீர் தருகிறேன். வந்து அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று என்னிடம் நேரில் சொல். கோபம் இல்லை. இருந்தது, ஆட்டோடு போய்விட்டது.

அயாஸ்.

*

அன்ஸலி
ஃபர்வர்தீன் 6

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு ஃபக்ரியின் ஸலாம்.

உங்கள் கடிதம் எஸ்ஃபந்த் 25-ஆம் தேதி வந்தது. அப்பாவால் உட்கார முடியவில்லை, நான் படித்துக் காட்டினேன். பிள்ளை பதில் சொன்ன இடத்தில் இருமல் வரும்வரை சிரித்தார். "மறுபடி படி" என்றார், படித்தேன். "அந்த ஆட்டுக்கு அடி பலமா" என்று கேட்டு எழுதச் சொன்னார். ஜன்னலைத் திறக்கச் சொல்லித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத் தொழுகை நேரத்தில் காலமானார். காயல் ஓரத்து மண்ணில் அடக்கம் செய்தோம். உங்களுக்குச் செய்தி சொல்ல வேறு வழி இல்லாததால் இந்தக் கடிதம். எங்களை மன்னியுங்கள்.

ஃபக்ரி.

*

ஃபர்ராஷ்பந்த்
ஃபர்வர்தீன் 27

என் அண்ணன் மகள் ஃபக்ரிக்குச் சித்தப்பாவின் ஸலாம். அவனுக்கு அல்லாஹ் விசாலமான இடம் தரட்டும். உன் தாயின் கையைப் பிடித்து என் பெயரால் ஆறுதல் சொல். ஆட்டுக்கு அடி பலமில்லை. அதை அவனிடம் சொல்ல முடியாமல் போயிற்று.

நாளை கிளம்புகிறோம். வெள்ளைக் கூடாரத்தை மடித்துக் கோவேறு கழுதைமேல் ஏற்றியாயிற்று. கரும்பலகை என் குதிரையில் வருகிறது. கம்பத்திலிருந்த காகிதத்தைத் தூபா படித்துக் காட்டினாள். இந்த வாரம்: தன் பெயரைத் தானே எழுதுதல். அடுத்த வாரம்: பயணம். நடந்துகொண்டே படிப்பார்களாம். வழியில் கிடைக்கும் மலைகளை எண்ணுவார்களாம்.

இந்த வாரப் பாடத்துக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். தூபாவின் சாக்கட்டியைப் பிடித்தபோது முதல் நாள் பிறந்த குட்டியைக் கையில் எடுத்த மாதிரி இருந்தது, அழுத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று.

அன்றைக்கு எங்கள் கூடாரத்தில் இருந்தவர்களை உனக்கு எண்ணிச் சொல்கிறேன். பயமில்லாமல் எண்ணுகிறேன், மரால் பக்கத்தில் கல் வைக்கிறாள். அப்பா ஹைதர், மேய்ச்சல் தகராறில் இடுப்பு ஒடிந்து, பல வருஷம் படுத்திருந்து போனார். அம்மா கௌஹர், நான் கல்யாணம் முடித்த வருஷம் போனாள், கடைசிவரை அந்தக் கம்பளியை விரிக்கவே இல்லை. பெரியப்பா நஸீர், பாம்பு கடித்து. அவர் மனைவி ஸனம், அவர் போன நாற்பதாம் நாள். அக்கா தெல்லி, பிரசவத்தில். தொட்டிலில் கிடந்த ஜஹான், அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கம்பளிக்குள் இருந்த குர்பான், கரை தெரியாத தண்ணீரின் பக்கத்தில். ஏழு கல்.

இன்னும் ஒரு கல் மராலின் கையில் இருக்கிறது. வைக்க மாட்டேன் என்கிறாள். நாயைச் சேர்க்காமல் எட்டு, நான் சொன்னது சரிதான்.

இதுவரை எழுதியது தூபா. கீழே இருப்பதை அவள் தொடவில்லை. கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அந்த எட்டுப் பேரில் இன்னும் உயிரோடு இருப்பவன்:

அயாஸ்